மார்கழிக் கச்சேரி: எங்கே உட்காருவது, எப்போது எழுந்திருப்பது

சென்னையின் டிசம்பர் கர்நாடக இசை சீசனுக்கென்று வெளியூரிலிருந்து வருகிறவர்கள் திட்டம் போடும் விதம் பெரும்பாலும் ஒன்றுதான். நிகழ்ச்சி நிரலை விரித்து வைத்துக்கொண்டு தெரிந்த பெயர்களையெல்லாம் வட்டமிடுவார்கள். காலையில் ஒன்று, பன்னிரண்டு மணிக்கு ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, ராத்திரி ஏழு மணிக்கு ஒன்று என்று நாளை அடைத்துவிடுவார்கள். மூன்றாம் நாள் காது மரத்துப்போகும். ஆலாபனை (பாட்டுக்கு முன் ராகத்தை விரித்துப் பாடுவது) தொடங்கி ஐந்து நிமிடம் கழித்துத்தான் பாடுவது தோடி ராகம் என்பதே உறைக்கும். மனசு கொடுத்துக் கேட்கிறவருக்கு ஒரு நாளைக்கு இரண்டு கச்சேரி தாராளம். அதிலும் ஒன்று இரண்டரை மணி நேரப் பெரிய கச்சேரியாகவும், மற்றது ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற மதியக் கச்சேரியாகவும் இருக்கட்டும். மூன்றாவதற்குப் போனால் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்ட கதையாகத்தான் முடியும்.

பாடகர் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்வதும் சரிவராது. மேடையில் யார் யார் சேர்ந்து உட்காருகிறார்கள் என்று பாருங்கள். முன்னணிப் பாடகர் ஒரே சீசனில் பல சபாக்களில், அதாவது கச்சேரி நடத்தும் அமைப்புகளில், பாடுவார். வயலினும் மிருதங்கமும் சபாவுக்கு சபா மாறும். வயலின்காரர் பாடகரின் பிடிகளை வாங்கி அதன் நிழலாகப் போகிறவரா, தன் போக்கில் ஒரு காம்போதி ராகத்தைக் கட்டுகிறவரா என்பதைப் பொறுத்து அதே பாடகரின் அதே ராகம் வேறு கச்சேரியாகிவிடும். ஒரு சீசனுக்குள் முக்கிய உருப்படிகளைத் திருப்பிப் பாடாமல் இருக்கப் பெரும்பாலானவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அதனால் பிடித்த ஒருவரை இரண்டு இடத்தில் கேட்பது லாபம்: ஒன்று பெரிய அரங்கு, இன்னொன்று இருநூறு முந்நூறு பேர் கொள்ளும் சின்ன அரங்கு. தேதியையும் கவனியுங்கள். கிறிஸ்துமஸுக்குள் பல தொண்டைகள் களைத்துவிடும். பனி, ஏசி, நாள் விட்டு நாள் கச்சேரி எல்லாம் சேர்ந்து மேல் ஸ்தாயியில் தெரியும். தேர்வு உங்கள் கையில் இருந்தால் 20ஆம் தேதிக்கு முன்னால் கேட்டுவிடுங்கள்.

சபாக்கள், சுருக்கமாக

1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டோடு சேர்ந்து நடந்த இசை மாநாட்டின் பலனாக 1928இல் பிறந்தது மியூசிக் அகாடமி. டி.டி.கே சாலையில் இப்போதுள்ள அரங்கு 1962இல் திறந்தது. இதன் சீசன் வழக்கமாக டிசம்பர் 15இல் தொடங்கி ஜனவரி 1இல் சதஸோடு, அதாவது விருது வழங்கும் விழாவோடு, முடியும். காலை எட்டு மணி சுமாருக்கு நடக்கும் விளக்க உரைகளை வெளியூர்க்காரர்கள் தவறவிடுகிறார்கள். ஒரு ராகத்தையோ ஒரு வாக்கேயக்காரரையோ (பாட்டும் மெட்டும் இயற்றியவர்) வைத்து, பாடிக் காட்டியே ஒரு மணி நேரம் பேசுவார்கள். அன்று ராத்திரி அதே ராகம் மேடையில் வந்தால் காது இரண்டு மடங்கு திறந்திருக்கும்.

அதே சாலையில், நடந்தால் இருபது நிமிடத்தில், ஆழ்வார்பேட்டை நாரத கான சபா. மயிலாப்பூருக்குள் போனால் மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ், ரசிக ரஞ்சனி சபா, கிழக்கு மாட வீதி பாரதிய வித்யா பவன், லஸ் பக்கம் ராகசுதா ஹால். தி.நகரில் கிருஷ்ண கான சபாவும் வாணி மஹாலும். ஒரு நாளைக்கு ஒரு வட்டாரம் என்று வைத்துக்கொண்டால் கால் வலிக்காது. மாலை ஐந்து மணிக்கு மேல் தி.நகரிலிருந்து மயிலாப்பூருக்கு ஆட்டோவில் வருகிறவர் தொடக்கப் பாட்டான வர்ணத்தையும் அடுத்த இரண்டு பாட்டையும் சாலையிலேயே விட்டுவிடுவார்.

தமிழ்ப் பாட்டு மட்டும் கேட்கவேண்டுமென்றால் பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றம். 1943இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா டிசம்பர் பிற்பாதியில் அங்கே நடக்கும்; தேவாரப் பண்களை ஓதுவார்கள் பாடிக்காட்டும் பண் ஆராய்ச்சியும் அதில் உண்டு. மயிலாப்பூர் ரசிகர்கள் பலர் தூரம் என்று சொல்லி இதைத் தவிர்த்தே பழகிவிட்டார்கள். உயர்நீதிமன்றம் மெட்ரோ நிலையத்தில் இறங்கினால் நடந்துவிடலாம் என்ற நிலையில் அந்தச் சாக்கு இனி செல்லாது.

எந்த வரிசை

முதல் வரிசை கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று நினைப்பது வழக்கம். முகம் பார்க்க அது நல்ல இடம், கேட்க அல்ல. பெரிய அரங்குகளில் முக்கிய ஒலிபெருக்கிகள் மேடையின் இரு பக்கமும் நடு வரிசைகளைப் பார்த்து நிற்கும். முதல் இரண்டு வரிசைக்கு அந்தச் சத்தம் தலைக்கு மேலே போய்விடும். மிச்சம் வருவது மேடையிலிருந்து நேராக வரும் மிருதங்கமும், கலைஞர்களுக்காக மேடையில் வைத்திருக்கும் மானிட்டர் பெட்டிகளின் முதுகுப்பக்கச் சத்தமும்தான். பாடுகிறவர் வாயசைப்பது தெரியும், சாகித்யம் (பாட்டின் சொற்கள்) புரியாது.

பெரிய அரங்கில் எட்டாவது வரிசையிலிருந்து பதினான்காவது வரை, நடைபாதைக்கு அருகில்லாமல் நடுவில், இதுதான் முதல் தேர்வு. பால்கனிக்குக் கீழே வரும் பின்வரிசைகளைத் தவிர்த்துவிடுங்கள். மேலே தளம் கவிழ்ந்திருப்பதால் குரலின் கூர்மை மழுங்கி, மிருதங்கத்தின் இடது முகமான தொப்பியின் கும்மென்ற ஓசை மட்டும் பின்சுவரில் தேங்கும். அதற்குப் பதில் பால்கனியின் முதல் இரண்டு மூன்று வரிசை எவ்வளவோ மேல். அகாடமியில் பல பழைய ரசிகர்கள் காசு மிச்சம் என்பதற்காக மட்டும் மாடிக்கு ஏறுவதில்லை. சின்ன அரங்கில் கணக்கு வேறு: மூன்றாவது, நான்காவது வரிசையே போதும்.

இடமா வலமா என்பதற்கும் காரணம் இருக்கிறது. வழக்கமான மேடையில் ரசிகருக்கு இடப்பக்கம் மிருதங்கம், வலப்பக்கம் வயலின். மிருதங்கக்காரர் பாடகரைப் பார்த்து உட்காரும்போது வலந்தலை, அதாவது கரணை என்ற கறுப்புப் பூச்சு உள்ள வலது முகம், சபையைப் பார்க்கவேண்டும் என்பதற்காக வந்த ஏற்பாடு இது. இடதுகைக்காரர் வாசித்தால் இருவரும் இடம் மாறி உட்காரவேண்டும்; மிருதங்க வித்வான் பழனி சுப்பிரமணிய பிள்ளை இடதுகைக்காரர். விரல் சொற்களைப் பிரித்துக் கேட்க விரும்புகிறவர் மிருதங்கப் பக்கமும், வில்லின் நுணுக்கம் பார்க்கிறவர் வயலின் பக்கமும் நடுவிலிருந்து இரண்டு மூன்று இருக்கை நகர்ந்துகொள்ளலாம். அதற்கு மேல் நகர்ந்தால் ஒரு பக்க ஒலிபெருக்கியின் வாய்க்கு நேராகப் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

பெண் பாடகர் என்றால் ஒன்றிரண்டு வரிசை பின்னால் போவது நல்லது. ஆண் குரல் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரை, இரண்டு கட்டையில் (ஆதார சுருதியின் அளவு) நிற்கும். அதற்கு வாசிப்பது நீளமான தக்கு சுருதி மிருதங்கம், சுமார் 24 அங்குலம். பெண் குரல் நாலரையிலிருந்து ஐந்தரைக் கட்டை. அதற்கான ஹெச்சு சுருதி மிருதங்கம் 22 அங்குலம் சுமார், நாதம் கணீரென்று குத்தும். ஒலியமைப்பவர் கை கொஞ்சம் தாராளமாக இருந்தால் முன்வரிசைக்காரர் காது ஒரு மணி நேரத்தில் ரீங்கரிக்க ஆரம்பிக்கும்.

சத்தம் ஏன் ஏறிக்கொண்டே போகிறது என்றால், மேடையில் ஒவ்வொருவரும் தன் மானிட்டரில் தன்னைக் கொஞ்சம் கூட்டச் சொல்வார்கள். பாடகர் கூட்டியதும் வயலின் கேட்காது. வயலின் கூட்டியதும் கடம் கேட்காது. ஒரு சுற்று முடிவதற்குள் மேடைச் சத்தமே அரங்கை நிரப்பிவிடும். அதை மீற வெளி ஒலிபெருக்கியையும் ஏற்றியாகவேண்டும். ஆகவே வர்ணத்தை வைத்து இருக்கையை எடைபோடாதீர்கள். இரண்டாவது பாட்டு முடிகிறபோது நிலவரம் ஓரளவு நிலைபெறும். அப்போதும் உறுத்தினால் கைதட்டல் நேரத்தில் இடம் மாறுங்கள்.

மதியக் கச்சேரியில் பாதி அரங்கு காலி. ஆட்கள் குறைந்தால் ஒலியை உறிஞ்ச எதுவும் இல்லாமல் எதிரொலி கூடும். அப்போது முன்னே போங்கள், ஐந்தாவது ஆறாவது வரிசைக்கு. பல சபாக்களில் மதியத்துக்கு டிக்கெட் கிடையாது, இருக்கையும் உங்கள் விருப்பம். பாடுகிறவர் இருபது சொச்சம் வயதுக்காரராக இருப்பார். ஆறு மாதமாகத் தயார் செய்ததை ஒன்றரை மணி நேரத்துக்குள் கொட்டுவார். என் அபிப்பிராயத்தில் சீசனில் மிகக் குறைவாக மதிக்கப்படுவது இந்த நேரம்தான். நாளைக்கு ஹவுஸ்ஃபுல் ஆகப்போகிறவரை இன்றைக்குப் பத்தடி தூரத்திலிருந்து கேட்கலாம்.

வீணைக் கச்சேரிக்கு ஒரு தனி எச்சரிக்கை. வாத்தியத்தின் மேல் ஒட்டும் மைக் போட்டிருந்தால் தந்தியின் உலோகச் சத்தம்தான் வரும், குடத்தின் நாதம் வராது. முன்னால் நிறுத்தி வைத்த மைக் என்றால் நாதம் உண்டு, சத்தம் குறைவு. அதற்குக் கிட்டே உட்காரவேண்டும். சின்ன அரங்குகளில் எப்போதாவது மைக்கே இல்லாத கச்சேரி நடத்துகிறார்கள். கிடைத்தால் விடாதீர்கள். நாகஸ்வரமும் தவிலும் நேர் எதிர்: திறந்த கோயில் வெளிக்கென்று உருவானவை. மூடிய அரங்கில் எவ்வளவு பின்னால் போனாலும் தப்பில்லை.

நடுவில் ஏன் தட்டுகிறார்கள்

பாட்டுக்குப் பாட்டு மிருதங்கக்காரர் கல்லும் கட்டையுமாகத் தட்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்து, வீட்டிலேயே சுருதி சேர்த்துக்கொண்டு வரக்கூடாதா என்று கேட்கிறவர்கள் உண்டு. வீட்டிலும் சேர்த்துத்தான் வருகிறார். டிசம்பர் சென்னையில் வெளியே ஈரக்காற்று; தோல் அதைக் குடித்துத் தளர்ந்திருக்கும். ஏசி அரங்குக்குள் வந்ததும் உலர்ந்து இறுகும், சுருதி ஏறும். கதவைத் திறந்து மூடி, கூட்டம் நிரம்பி வெப்பம் மாறினால் மறுபடி இறங்கும். எந்தப் பக்கம் தட்டுகிறார் என்று பாருங்கள். விளிம்புப் பின்னலின் மேல் விழும் அடி தோலை இறுக்கிச் சுருதியை ஏற்றும். கீழிருந்து பின்னலை மேல்நோக்கித் தட்டினால் தளர்த்தி இறக்கும். இதைக் கவனித்தால், தட்டுவதற்கு முன் சுருதி எந்தப் பக்கம் விலகியிருந்தது என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். சுருதிக்குக் காது பழக இதைவிட மலிவான பயிற்சி கிடையாது.

இடப்பக்கத் தொப்பியில் ரவையைக் குழைத்து அப்பியிருப்பார்கள். அந்தக் கும்காரம் அதனால்தான். ஏசியில் ரவை காய்ந்தால் தொப்பி வரட்டென்று ஒலிக்கும். நீளமான கச்சேரியில் விரலால் தண்ணீர் தொட்டுத் தடவுவது அதற்காக. ஒருபக்கம் மட்டும் தோல் கட்டிய சின்ன வட்டக் கருவியான கஞ்சிராவிலும் உட்பக்கம் தண்ணீர் தடவித் தோலைத் தளர்த்துவார்கள். கடத்துக்கு இந்தச் சௌகரியம் இல்லை. சுட்ட மண், சுருதி பிறவியிலேயே அமைந்துவிட்டது. அதனால் கடக்காரர் அன்றைய கட்டைக்கு ஏற்ற பானையோடு வரவேண்டும். மானாமதுரைக் கடம் கனமாக, கணீரென்று பேசும்.

வயலினிலும் தம்புராவிலும் தந்தி குளிர்ந்தால் சுருங்கிச் சுருதி ஏறும், மேடை விளக்கின் சூட்டில் இறங்கும். ஆகவே முதல் அரை மணி நேரத்துக்கு இவர்கள் எல்லோரும் நகர்ந்துகொண்டிருக்கும் ஒரு இலக்கைத் துரத்துகிறார்கள். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டரை மணி நேரம் எப்படி ஓடும்

இன்று கேட்கிற கச்சேரி அமைப்பு அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் (1890–1967) நிலைநிறுத்தியது. வர்ணம் ஐந்தாறு நிமிடம். பிறகு விறுவிறுப்பாக இரண்டு கீர்த்தனை, ஒன்றில் சின்னக் கல்பனாஸ்வரம் (ஸ்வரங்களை அப்போதைக்கப்போது கற்பனையாகக் கோத்துப் பாடுவது). அதன் பின் ஆலாபனையோடு ஒரு நடுத்தர உருப்படி, இருபத்தைந்து முப்பது நிமிடம். நடுவில் வேகமாக ஒன்று. அடுத்தது பிரதான உருப்படி: ஆலாபனை, வயலின் பதில், கீர்த்தனை, நிரவல் (ஒரே வரியைப் பலவிதமாக விரிப்பது), ஸ்வரம், தனி ஆவர்த்தனம் (தாள வாத்தியங்கள் மட்டும் வாசிப்பது; சுருக்கமாகத் தனி). இது மட்டும் ஒரு மணி நேரம் போகும். ராகம் தானம் பல்லவி இருந்தால் முப்பதிலிருந்து நாற்பத்தைந்து நிமிடம். கடைசியில் விருத்தம், திருப்புகழ், பதம், தில்லானா என்று துக்கடாக்கள் (சின்னப் பாட்டுகள்), மங்களம்.

இந்த ஓட்டம் மனதில் இருந்தால் பல விஷயங்கள் எளிது. பத்து நிமிடம் தாமதமானால் வர்ணம்தான் போச்சு, பதறவேண்டாம். ஆனால் வாசலிலேயே நின்று பாட்டு முடிந்ததும் உள்ளே போங்கள். ஆலாபனை நடக்கும்போது வரிசைக்குள் நுழைகிறவரை யாரும் மன்னிப்பதில்லை. சீக்கிரம் கிளம்பவேண்டியவர் பிரதான உருப்படியின் ஆலாபனை தொடங்குவதற்கு முன் கிளம்பிவிடவேண்டும், அல்லது தனி முடியும்வரை உட்காரவேண்டும். தனி தொடங்கியதும் காபிக்கு எழுந்து ஓடும் பழக்கம் சபாக்களின் தீராத வியாதி. மூன்று பேர் பன்னிரண்டு பதினைந்து நிமிடம் உயிரைக் கொடுத்து வாசிக்க, எதிரே வரிசை வரிசையாக முதுகுகள் தெரியும். எழுந்து போகிறவர்களில் பாதிப்பேர் அலட்சியத்தால் போகவில்லை. தாளம் பிடிபடாமல் சலித்துப் போகிறார்கள். அது பழகினால் வரும்.

தனியைப் பின்தொடர

தனி தொடங்கிய பிறகு தாளத்தைத் தேடினால் கிடைக்காது. நிரவல் நடக்கும்போதே பாடகரின் கையைப் பார்த்துப் பிடித்துக்கொள்ளவேண்டும். ஆதி தாளம் என்றால் தொடையில் ஒரு தட்டு. சுண்டு விரலிலிருந்து மூன்று விரல் எண்ணுவது. பிறகு தட்டித் திருப்பு, தட்டித் திருப்பு. ஆக எட்டு. இரண்டு களையில் ஒவ்வொன்றும் இரட்டையாக விழும். பிரதான உருப்படி பெரும்பாலும் இப்படித்தான் மெதுவாகப் போகும். மிச்ர சாபு என்றால் தகிட தகதிமி என்று மூன்றும் நாலும் ஏழு. கண்ட சாபு தக தகிட, ஐந்து. பழகாதவர்கள் ஆதியில் தொடங்குங்கள்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளவேண்டும்: எடுப்பு. பாட்டின் வரி முதல் தட்டிலேயே தொடங்குகிறதா, அரை இடம் தள்ளித் தொடங்குகிறதா? தனி கடைசியில் வந்து சேரப்போவது அந்த இடத்தில்தான்.

முதல் சுற்றில் மிருதங்கம் நிதானமாகப் பேசும். நாலு நாலாக நடை தெளிவாகக் கேட்கும். இதில் உங்கள் கை தடுமாறக்கூடாது. அடுத்து கடமோ கஞ்சிராவோ. பிறகு மறுபடி மிருதங்கம். இப்போது திஸ்ரத்துக்கோ கண்டத்துக்கோ நடை மாறலாம். மாறும்போது கையின் வேகத்தை மாற்றிவிடுவதுதான் எல்லோரும் சறுக்கும் இடம். தட்டுக்கும் தட்டுக்கும் உள்ள தூரம் அதேதான். அந்த இடைவெளிக்குள் விழும் சொற்கள்தான் நாலிலிருந்து மூன்றாகவோ ஐந்தாகவோ ஆகின்றன. பாடகரின் கையைப் பார்த்தபடி இருந்தால் தவறாது.

அடுத்து குறைப்பு. இருவரும் மாறி மாறி, முதலில் இரண்டு ஆவர்த்தனம் (முழுத் தாளச் சுற்று), பிறகு ஒன்று, அரை, கால் என்று சுருக்கிக்கொண்டே வருவார்கள். தனியிலேயே எளிதாகக் கேட்கக்கூடிய பகுதி இது. புதியவர் இங்கிருந்தே ரசிக்கத் தொடங்கலாம். பிறகு எல்லோரும் சேர்ந்து முடிவை அறிவிக்கும் மோரா, அதைத் தொடர்ந்து கோர்வை என்ற முடிப்புக் கணக்கு. கோர்வையின் பின்பாதியில் ஒரு சொற்கட்டு மூன்று முறை வரும். அந்த முழுக் கோர்வையும் மூன்று முறை வாசிக்கப்படும். மூன்றுக்குள் மூன்று. அவசரமாகக் கைதட்டுகிறவர்கள் உள்ளே வரும் மூன்றை வெளியே உள்ள மூன்றாக எடுத்துக்கொண்டு, முதல் தடவை முடிந்ததுமே தட்டிவிடுகிறார்கள். முதல் தடவை முடிவைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டாவதில் சரிபாருங்கள், மூன்றாவதில் எடுப்பில் விழுந்து பாடகர் வரியைப் பிடிக்கும்போது தட்டுங்கள்.

தாளம் போடுவதில் ஒரு நாகரிகம்: முன்வரிசையில் உட்கார்ந்து பெரிதாகக் கையை வீசிப் போடாதீர்கள். அது தப்பாக இருந்தால் மேடையில் இருப்பவர் கண்ணில் பட்டு அவர்களையும் இழுக்கும். தொடையோடு ஒட்டி விரலசைவாகப் போட்டால் போதும்.

பல்லவிக்கும் இதே பயிற்சி உதவும். பல்லவி ஒரே ஒரு வரி. அதில் சொற்கள் ஒரு இடத்தில் நின்று மூச்சு விடும், அதுதான் அறுதி. ஆதியில் அது பெரும்பாலும் ஐந்தாவது எண்ணிக்கையில், முதல் திருதத்தின் (முதல் தட்டித் திருப்பின்) தட்டில் விழும். எடுப்பையும் அறுதியையும் பிடித்துவிட்டால், பாடகர் அதே வரியை இரட்டிப்பு வேகத்திலும் திஸ்ரத்திலும் பாடும்போது எந்த இரண்டு புள்ளிகளை அவர் விடாமல் பிடித்திருக்கிறார் என்பது விளங்கும்.

ராகக் குறிப்பேடு

சட்டைப்பையில் கொள்ளும் சின்ன நோட்டும் பென்சிலும் போதும். போனில் குறிப்பெடுத்தால் வெளிச்சம் பின்னால் இருக்கிற நாலு வரிசைக்கும் அடிக்கும். பதிவு செய்வதற்கும் பெரும்பாலான சபாக்களில் தடை உண்டு. பாட்டின் முதல் சொல், தாளம், உங்கள் ஊகம் இந்த மூன்றையும் எழுதுங்கள். ஊகத்தை வயலின் ஆலாபனை முடிவதற்குள் எழுதிவிடவேண்டும். பக்கத்து மாமி சொன்ன பிறகு எழுதுவது கணக்கில் சேராது.

ராகம் பிடிபடாவிட்டால் முதலில் மத்தியமத்தை (ம) கேளுங்கள். 72 மேளத்தில் (தாய் ராகங்கள்) முதல் 36 சுத்த மத்தியமம், அடுத்த 36 பிரதி மத்தியமம். ஒரே ஸ்வரத்தில் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும். சங்கராபரணமா கல்யாணியா என்பது இதிலேயே முடிந்துபோகும். பந்துவராளியும் பூர்விகல்யாணியும் குழப்பினால் தைவதம் (த): பந்துவராளியில் சுத்தம், பூர்விகல்யாணியில் சதுஸ்ருதி. ஆபோகியும் ஸ்ரீரஞ்சனியும் குழப்பினால் நிஷாதம் (நி) வருகிறதா என்று காத்திருங்கள்; வந்தால் ஸ்ரீரஞ்சனி. மோகனமா ஹம்ஸத்வனியா என்றால் தைவதமா நிஷாதமா என்பதுதான் கேள்வி. தர்பாரையும் நாயகியையும் முதல் சீசனில் விட்டுவிடுங்கள்; பழுத்த ரசிகர்களே இரண்டு நிமிடம் மௌனம் காக்கும் ஜோடி அது.

சில்லறை விஷயங்கள்

சால்வை அவசியம், பெரிய அரங்குகளின் ஏசி இரண்டு மணி நேரத்தில் முழங்காலைப் பிடிக்கும். பிளாஸ்டிக் பை கொண்டுபோகாதீர்கள். கீழ் ஸ்தாயி ஆலாபனையில் யாரோ ஒருவர் மிக்சர் பொட்டலத்தைத் தேடும் சரசரப்பு இல்லாத சீசன் கிடையாது. துணிப்பை போதும்.

கேன்டீனுக்குப் போக டிக்கெட் வேண்டியதில்லை என்பதால் கூட்டம் அரங்கை மிஞ்சும். இலைச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டு மணிக்குள் போனால் வரிசை சின்னது. ஒரு மணிக்குப் போனால் இலைக்குக் காத்திருக்கிற நேரத்தில் ஒரு நடுத்தர உருப்படி கேட்டுவிடலாம். பாயசம் வரைக்கும் முழுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு இரண்டு மணிக் கச்சேரியில் விழித்திருப்பவர் அபூர்வம். அன்றைக்கு டிபனோடு நிறுத்துங்கள். ஏழு மணிக் கச்சேரிக்கு முன் டிபன் என்றால் ஐந்தே முக்காலுக்குள் முடித்துவிடவேண்டும். அதன் பிறகு நாலு மணிக் கச்சேரி விட்ட கூட்டமும் ஏழு மணிக் கூட்டமும் ஒரே கவுன்டரில் மோதும்.

டிக்கெட் விஷயத்தில், பத்து நாளுக்கு மேல் தங்கி ஒரே சபாவை மையமாக வைக்கிறவருக்குத்தான் சீசன் டிக்கெட் கட்டும். மற்றவர்கள் அன்றன்றைக்கு வாங்குவதே உசிதம். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் வாசலில் நிற்கும் ஆட்டோக்கள் சொல்வதுதான் விலை. நூறடி நடந்து பெரிய சாலைக்கு வந்துவிட்டால் பேரம் இறங்கும். மயிலாப்பூர் சபாக்களுக்குத் திருமயிலை பறக்கும் ரயில் நிலையம் கைகொடுக்கும்.

ஜனவரி 1க்குப் பிறகு அகாடமி மேடை நடனத்துக்குப் போய்விடும். சின்ன சபாக்களில் பொங்கல் வரை கச்சேரி தொடரும், இடமும் தாராளமாகக் கிடைக்கும். அதற்கும் மேலே கேட்க ஆசை இருக்கிறவர்கள் தியாகராஜர் ஆராதனை நாளான புஷ்ய பகுள பஞ்சமிக்குத் திருவையாறு போகலாம். தஞ்சாவூரிலிருந்து பதிமூன்று கிலோமீட்டர். தியாகராஜர் சமாதியில் காலையில் பஞ்சரத்னம் என்ற அவருடைய ஐந்து கீர்த்தனைகளைக் கோஷ்டியாகப் பாடுவார்கள். எட்டு மணிக்குள் போனால்தான் பந்தலுக்குள் இடம். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று வரிசை. ஐந்தும் ஆதி தாளம். சீசனில் பழகிய கை அங்கே தயங்காமல் போடும். சாகித்யப் புத்தகத்தைப் பெரிய எழுத்தில் அச்சிட்டதாகக் கொண்டுபோங்கள், பக்கத்தில் இருக்கிறவரும் எட்டிப் பார்ப்பார்.